சட்டம் படித்த முதல் தலைமுறையினர் எங்கே தொடங்குவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஒவ்வோர் ஆண்டும் சட்டக் கல்லூரிகளின் இறுதியாண்டு முடிவுகள் வெளியான சில வாரங்களில், ஏறத்தாழ ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் என்னிடம் வந்து சேர்கிறது. தென்மாவட்ட அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் தமிழ்வழியில் படித்து முடித்த பெண், சென்னைக்கு வந்து உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் சேர்வதா, சொந்த ஊரின் அடிநிலை உரிமையியல் நீதிமன்றமான முன்சீப் கோர்ட்டிலேயே கவுன் மாட்டிக்கொள்வதா என்று கேட்கிறார். சக்கர நாற்காலியில் இயங்கும் இளைஞர், நீதிமன்றப் படிகளை நினைத்துப் பார்த்து, நிறுவன வேலையே தமக்கு ஏற்றதோ என்று எழுதுகிறார். பட்டியல் சாதியைச் சேர்ந்த இன்னொருவர், நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு காத்திருக்கும் நிலையில் அந்த மூன்றாண்டைத் தம் வீடு தாங்குமா என்று கணக்குப் போடுகிறார்.

இவர்கள் எல்லோரும் உண்மையில் கேட்பது, ‘எங்களைப் போன்றவர்களை எந்த இடம் ஏற்றுக்கொள்ளும்?’ என்பதைத்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்தொழிலில் இருந்த பிறகு, அந்தக் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த இடத்தில் அந்த ஏற்பு ஒருவருடைய நல்ல மனத்தைப் பொறுத்திருக்கிறது, எந்த இடத்தில் அது விதியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே ஆராய வேண்டியது. நல்ல மனிதர்கள் எல்லா இடங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இல்லாத நாளில் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

## முதலில் அளவுகோல்கள்

உயர் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், நிறுவனம், நீதிபதிப் பணி ஆகிய நான்கு வழிகளையும் ஆறு கேள்விகளை வைத்து எடைபோடுகிறேன். உள்ளே நுழைவது தெரிந்தவர் மூலமா, எழுதிவைத்த முறை மூலமா? வீட்டிலிருந்து பணம் வராமல் முதல் மூன்று ஆண்டுகளைக் கடக்க முடியுமா? இழிவோ தொல்லையோ நேர்ந்தால் புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டிய கடமை யாருக்கேனும் உண்டா? குழந்தைப்பேற்றுக்கோ சிகிச்சைக்கோ விலகி, ஓராண்டு கழித்துத் திரும்பினால் இடம் இருக்குமா? அந்த இடத்தின் மொழியும் கட்டடமும் உங்களுக்கு வழிவிடுமா? கடைசியாக, இந்த வழியில் போனால் பின்னால் எந்தக் கதவு மூடிக்கொள்ளும்?

இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் ஏனையவற்றைவிடக் கனமானவை என்பது என் கருத்து. அதற்குச் சில எண்களை மட்டும் காட்டுகிறேன். 2022-இல் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த தகவலின்படி, நாட்டில் பதிவுசெய்த வழக்கறிஞர்களுள் பெண்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. 2023-இல் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட நீதித்துறை நிலை அறிக்கையின்படி, மாவட்ட நீதித்துறை நீதிபதிகளுள் பெண்கள் 36.3 விழுக்காடு, உயர் நீதிமன்ற நீதிபதிகளுள் 13.4 விழுக்காடு. ஒரே வகைக் கல்லூரிகளிலிருந்து, ஒரே பட்டத்தோடு வெளியேறும் பெண்கள், தேர்வு எழுதி நுழையும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். அறிமுகமும் பரிந்துரையும் தேவைப்படும் இடங்களில் ஏழில் ஒரு பங்கு அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். இடையில் திறமை மாறிவிடவில்லை, நுழைவாயில்தான் மாறியிருக்கிறது.

இந்த நுழைவாயில் எப்படிப்பட்டது என்பதற்குப் பழைய சான்றும் உண்டு. 1916-இல் ரெஜினா குஹா என்பவர் வழக்கறிஞராகப் பதிவுசெய்யக் கோரியபோது, சட்டத்தில் உள்ள ‘நபர்’ என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. பெண்கள் வழக்கறிஞராகத் தடையில்லை என்று 1923-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மனம் மாறும்வரை காத்திருக்காமல் விதியை மாற்றியதால் திறந்த கதவு அது.

## உயர் நீதிமன்றத்தில் ஜூனியராக

சட்டக் கல்லூரி மாணவர்களின் கனவில் பெரும்பாலும் இருப்பது இதுதான்: சென்னையில் 1892-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடம், அல்லது 2004 முதல் இயங்கும் மதுரை அமர்வு. அரசின் செயலை எதிர்த்துத் தொடுக்கும் ரிட் மனுக்கள், அரசமைப்புச் சட்டக் கேள்விகள், பெரிய மேல்முறையீடுகள் ஆகியவற்றைக் கற்க இதற்கு ஈடான இடம் இல்லை. ஒரு நல்ல சீனியரின் கீழ் மூன்றாண்டு உழைத்தவருக்கு, மனு எழுதும் முறையும் நீதிபதி கேள்வி கேட்கும்போது நிதானம் இழக்காமல் நிற்கும் பழக்கமும் வாழ்நாள் முழுவதும் துணை வரும். அதை எளிதாகச் சொல்லிவிட நான் விரும்பவில்லை. என் சொந்தத் தொழிலுக்கு அடித்தளமே அதுதான்.

ஆனால் நுழைவு முழுக்க முழுக்க அறிமுகத்தால் நடக்கிறது. தம்புச்செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரத் தெருவிலும் எந்த சேம்பரிலும் (சீனியரின் அலுவலகத்தில்) ‘ஜூனியர் தேவை’ என்று பொது அறிவிப்பு வைத்து, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் நடத்துவது அரிது. சீனியரின் நண்பருடைய மகன், வழக்கை ஒப்படைத்த கட்சிக்காரரின் உறவினர், ஒரே ஊர்க்காரர் என்று இடங்கள் நிரம்பிவிடுகின்றன. இதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆயினும், வழக்கறிஞர் ஒருவரைக்கூட அறியாத குடும்பத்திலிருந்து வருபவருக்கு அந்த வட்டம் வெளியிலிருந்து சுவராகவே தெரியும்.

பணத்தைப் பொறுத்தவரை நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்களைப் பதிவுசெய்யும் அமைப்புகளான பார் கவுன்சில்கள் சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது: பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஒடிசாவில் 42,100 ரூபாய் வரை வாங்கிக்கொண்டிருந்த நிலையை எண்ணினால் இதன் அருமை விளங்கும். அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்புமாறு உத்தரவிட்டது. ஆணை இருக்கிறது, ஆனால் சேர்ந்த முதல் நாளில் சீனியரிடம் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கும் துணிவு, வேறு சேம்பருக்குப் போக வழியுள்ளவருக்கே வரும். ஆகவே இந்தத் தொகையை உறுதியான வருமானமாகக் கணக்கில் வைக்காமல், சேர்வதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய ஒன்றாகக் கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் இங்குதான் அதிகம். விடுதி வாடகை, பயணம், கவுனும் கழுத்துப் பட்டையும், தீர்ப்புத் தொகுப்புகளுக்கான சந்தா ஆகியவை ஒரு பக்கம். மறுபக்கத்தில் நேரம். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் பல சேம்பர்களில் அடுத்த நாளுக்கான வேலையே தொடங்கும். இரவு ஒன்பதரைக்கு வெளியே வந்து, புறநகரில் உள்ள விடுதிக்குத் திரும்ப வேண்டிய இளம்பெண் அந்த நேரத்தைக் காரணம் காட்டிச் சற்று முன்னதாகக் கிளம்பினால், ‘ஈடுபாடு போதாது’ என்ற பெயர் வந்துவிடும். எந்த ஜூனியருக்கு எந்த வழக்குக் கட்டு கொடுக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பெண் ஜூனியர்களுக்குக் குடும்ப வழக்குகளும் மனு தயாரிப்பும், ஆண் ஜூனியர்களுக்கு நீதிமன்றத்தில் வாதிடும் வாய்ப்பும் என்று பிரிந்துவிடும் சேம்பர்களில் ஐந்தாண்டு கழித்து யாருடைய பெயர் நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மொழியும் ஒரு தடை. அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தமிழையும் உயர் நீதிமன்ற மொழியாக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியும் அது இன்னும் கைகூடவில்லை. தமிழ்வழியில் படித்தவர் இந்த இடைவெளியைக் கடக்கலாம், நானும் கடந்தேன். அதற்கு முழுதாக இரண்டு ஆண்டு பிடித்தது. அந்த இரண்டு ஆண்டும் பிறர் கண்ணுக்கு நான் ‘பேசத் தெரியாத’ ஜூனியர்.

புகார் வழி என்று வரும்போது நிலைமை மிகவும் பலவீனமானது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு அமைக்கச் சொல்கிறது. சேம்பர்கள் பெரும்பாலும் அதற்கும் சிறியவை. அப்படிப்பட்ட இடங்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு உண்டு என்பதை இளம் வழக்கறிஞர்களிலேயே பலர் அறியவில்லை. வழக்கறிஞர்களுக்கும் பார் கவுன்சிலுக்கும் இடையே முதலாளி–பணியாளர் உறவு இல்லை, எனவே அவர்கள்மீதான புகார்களுக்காக உள்ளகக் குழு அமைக்கும் கடமை கவுன்சிலுக்கு இச்சட்டப்படி இல்லை என்று 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியது இந்த இடைவெளியை வெளிச்சமாகக் காட்டுகிறது.

பேறுகாலத்தைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். குழந்தை பிறந்து எட்டு மாதம் கழித்துத் திரும்பியபோது, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்னொருவர் இருந்தார். நான் தயாரித்த வழக்குகளில் அவர் ஆஜராகிக்கொண்டிருந்தார். என் சீனியர் மரியாதையாகவே பேசினார், வருத்தமும் தெரிவித்தார். அவர் எந்த விதியையும் மீறவில்லை, ஏனென்றால் மீறுவதற்கு விதி என்று ஒன்றும் இருக்கவில்லை.

## சொந்த மாவட்ட நீதிமன்றத்தில்

‘மொஃபசல்’ (தலைநகருக்கு வெளியே உள்ள ஊர்) என்று சற்றுத் தாழ்த்திச் சொல்லப்படும் இந்த வழியைப் பலர் இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். அது தவறு. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆர். பானுமதி, 1981-இல் பதிவுசெய்து, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில் தொழில் செய்தவர். 1988-இல் நேரடியாக மாவட்ட நீதிபதியாகத் தேர்வானார்.

இங்கே பிராது, எதிருரை, சாட்சி விசாரணை எல்லாம் தமிழில் நடப்பதால், தமிழ்வழிக் கல்வி குறையாக இல்லாமல் வலிமையாக மாறுகிறது. வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் செலவு பெரிதாகக் குறையும். விபத்து இழப்பீடு, காசோலை வழக்கு, ஜீவனாம்சம், சொத்துப் பாகப் பிரிவினை என்று சொந்த வக்காலத்து (கட்சிக்காரர் தரும் வாதாடும் அதிகாரம்) முதல் ஆண்டிலேயே கைக்கு வரக்கூடும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் பயிற்சி உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு இருந்தவருக்கும் கிடைக்காதது. இங்கே ஆறு மாதத்தில் கிடைக்கும்.

மறைந்திருக்கும் விலை வேறு வகையானது. சென்னையில் உங்களை யாரென்றே தெரியாத நிலை ஒரு தடை என்றால், ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதே தடையாகலாம். உங்கள் தெருவும் சாதியும் நீங்கள் வாய் திறக்கும் முன்பே நீதிமன்ற வளாகத்தில் பேசப்பட்டிருக்கும். கட்சிக்காரர்கள் தம் சாதி வக்கீலைத் தேடிப் போவதும், சங்கத் தேர்தல்கள் அந்தக் கோட்டின்படியே பிரிவதும் பல ஊர்களில் மறைக்கப்படாத நடைமுறை. பட்டியல் சாதி வழக்கறிஞரிடம் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள் மட்டும் வந்து சேர்வதும், நிலப் பத்திர வழக்குகள் வேறு பக்கம் போவதும் வருமானத்தை நேரடியாகத் தாக்குகின்றன. பெண்களுக்கோ, தனக்கென அலுவலகம் வாடகைக்கு எடுப்பதிலிருந்து, மாலையில் கட்சிக்காரரைச் சந்திப்பது வரை ஒவ்வொன்றும் குடும்பத்தின் சம்மதத்தோடு பிணைந்துவிடுகிறது. எதிர்த்தரப்பில் உறவினர் வந்தால் வீட்டிலேயே வழக்கு நடக்கும்.

கட்டட வசதி ஊருக்கு ஊர் வேறுபடும். புதிதாகக் கட்டிய ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகங்களில் சாய்தளமும் மின்தூக்கியும் இருக்கலாம். வாடகைக் கட்டடத்தில் இயங்கும் நீதிமன்றங்களில் பெண் வழக்கறிஞர்களுக்கான கழிப்பறையே கேள்விக்குறி. முடிவெடுக்கும் முன் ஒரு முழு வேலைநாள் அங்கே போய் இருந்து பாருங்கள். புகார் வழி உயர் நீதிமன்ற சேம்பரைப் போன்றே மெலிந்தது. கூடவே, புகார் கொடுத்தவரின் பெயர் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

## சட்ட நிறுவனமும் நிறுவனத்தின் சட்டப் பிரிவும்

எழுத்தில் பார்த்தால் அனைவரையும் உள்ளடக்கும் கொள்கை மிகத் தெளிவாக இருப்பது இங்கேதான். மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, உள்ளகப் புகார்க் குழு, 26 வாரம் ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு, மின்தூக்கி உள்ள அலுவலகம், திரை வாசிப்பு மென்பொருளோடு இயங்கும் கணினி ஆகியவை பெரிய நிறுவனங்களில் கேட்டுப் பெறக்கூடியவை. திருநர்களுக்கும் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் பெயர், கழிப்பறை, காப்பீடு போன்ற அன்றாடக் காரியங்களில் நீதிமன்ற வளாகத்தைவிடப் பல நிறுவனங்கள் முன்னே நிற்கின்றன. நாட்டின் முதல் திருநங்கை வழக்கறிஞராக அறியப்படும் சத்யஸ்ரீ ஷர்மிளா 2018-இல் தமிழ்நாட்டில்தான் பதிவுசெய்தார் என்பது நமக்குப் பெருமை. ஆனால் பதிவுச் சான்றிதழ் கட்சிக்காரரைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

எனினும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது நுழைவு. பெரிய சட்ட நிறுவனங்கள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் வளாகத் தேர்வுகளையே பெரிதும் நம்புகின்றன. அந்தப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் கட்டணமும் எளிய குடும்பங்களுக்கு எட்டாதவை என்பதால்தான், பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் ஐடியா என்ற அமைப்பைத் தொடங்கி, பின்தங்கிய பின்னணி மாணவர்களை அங்கே கொண்டுசேர்க்க முயன்றார். அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர் இந்தக் கதவைப் பின்னர் அனுபவத்தின் மூலம்தான் திறக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கொள்கை எதை எண்ணுகிறது என்பது. நிறுவனங்களின் பன்முகத்தன்மைப் படிவங்களில் பாலினம் இருக்கும், மாற்றுத்திறன் இருக்கும், இப்போது பாலின அடையாளமும் இருக்கும். சாதி பெரும்பாலும் இருக்காது. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. எண்ணப்படாத ஒன்றில் இடைவெளி இருப்பதை நிரூபிக்கவும் முடியாது. பெண்களைப் பொறுத்தும், நுழைவு நிலையில் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், பங்குதாரர் நிலையில் எத்தனை பேர், பேறுகால விடுப்பிலிருந்து திரும்பியவர்களுள் இரண்டாண்டு கழித்தும் அங்கே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

மூன்றாவதே மிகப் பெரிய மறைவிலை. இந்திய பார் கவுன்சில் விதிகளின் 49-ஆவது விதிப்படி, முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது; நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சேர்பவர் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். அந்த ஆண்டுகள் நீதிபதித் தேர்வுக்கான தொழில் அனுபவமாகச் சேராது. சட்ட நிறுவனங்களில் நிலைமை வேறு: அங்கே இளையவர்கள் பலர் பதிவைத் தக்கவைத்துக்கொண்டு மாதத் தொகை ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். ஆனால் அப்படி இருக்கும்போது அவர்கள் சட்டத்தின் கண்ணில் பணியாளரா என்ற கேள்வி எழுகிறது. பேறுகால விடுப்பு உரிமையாகிறதா, நிறுவனம் விரும்பித் தருவதாகிறதா என்பது அதைப் பொறுத்தது. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

## நீதிபதித் தேர்வு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் உரிமையியல் நீதிபதித் தேர்வு, முதல் அளவுகோலில் மற்ற மூன்றையும் விஞ்சுகிறது. அறிவிப்பு பொதுவில் வருகிறது, பாடத்திட்டம் எழுதப்பட்டிருக்கிறது, 69 விழுக்காடு இடஒதுக்கீடு பொருந்துகிறது: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்படப் பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. இவற்றுக்குள் பெண்களுக்கும் தமிழ்வழியில் பயின்றோருக்கும் பங்கு உண்டு. முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று இருப்பதால் நல்ல தமிழுக்கு மதிப்பெண்ணே கிடைக்கிறது.

விதி என்ன செய்யும் என்பதற்கு 2023-ஆம் ஆண்டு 245 பணியிடங்களுக்கு நடந்த தேர்வை எடுத்துக்கொள்ளலாம். ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவர், 23 வயதில், குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தேர்வு மையத்துக்குப் பயணம் செய்து தேர்வெழுதித் தேர்ச்சி பெற்றார். அவருடைய உறுதி அவருடையது. அதை யாரும் அவருக்கு வழங்கவில்லை. ஆனால் அந்த உறுதி ஒரு சீனியரின் அறிமுகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லாமல் போனது, தமிழ்வழி முன்னுரிமையும் பழங்குடி ஒதுக்கீடும் அறிவிப்பில் எழுதப்பட்டிருந்ததால்தான்.

தொடக்கநிலை அடிப்படை ஊதியம் 77,840 ரூபாய் எனும்போது, இரண்டாம் அளவுகோலிலும் ஒப்பீட்டுக்கே இடமில்லை. பேறுகால விடுப்பு பணிவிதியின் பகுதி. மாநில அரசுப் பணியில் அது 2021 ஜூலை முதல் 12 மாதம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இந்தக் கதவு மெதுவாகத் திறந்தது. 2019 ஜனவரியில், பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் மட்டுமே உரிமையியல் நீதிபதியாகலாம் என்ற தமிழ்நாட்டு வரம்பை உச்ச நீதிமன்றமே சரியென்றது. 2025 மார்ச் 3 அன்று அதே நீதிமன்றம், பார்வையின்மையைக் காரணம் காட்டி யாரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பழைய தீர்ப்பைப் படித்துவிட்டு முயற்சியைக் கைவிட்டவர்கள் யாரேனும் இருந்தால், அவர்கள் திரும்பி வர வேண்டும்.

இனி குறைகள். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், நுழைவுநிலை நீதிபதித் தேர்வுக்குக் குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்தது. அதுவரை தமிழ்நாட்டில் புதிய பட்டதாரிகளும் எழுத முடிந்தது. நீதிமன்ற அனுபவம் இல்லாத இளைஞர் தீர்ப்பு எழுதுவதில் உள்ள சிக்கலை நான் மறுக்கவில்லை. ஆனால் சேமிப்பில்லாத வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு, திருமண வயது என்று குடும்பம் கருதும் அதே மூன்று ஆண்டுகளை, உறுதியற்ற வருமானத்தில் கடக்கச் சொல்வதன் பாரம் எல்லோருக்கும் சமமாக இறங்குவதில்லை. தேர்வு என்னும் விதியின் வழிக்கு முன்னால், சேம்பர் என்னும் தயவின் வழி ஒரு வாசலாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதே என் வருத்தம்.

பணியில் சேர்ந்த பிறகு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். கணவர் வேலையும் குழந்தையின் பள்ளியும் கூடவே நகர வேண்டும். பழைய நண்பர்களோடு பழகுவதில் கட்டுப்பாடு வரும். அந்தத் தனிமை, சமூக ஆதரவை நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கூடுதலாக உறைக்கும். மேல்படியைப் பொறுத்தவரை, முன்சீப்பாகத் தொடங்கிய ஏ. வரதராஜன் 1980-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பட்டியல் சாதி நீதிபதியானது உண்மை. ஆனால் உயர் நீதிமன்ற நியமனத்தில் இடஒதுக்கீடு இல்லை. 2018 முதல் 2022 வரை நாடு முழுவதும் நியமிக்கப்பட்ட 537 உயர் நீதிமன்ற நீதிபதிகளுள் பட்டியல் சாதியினர் 2.8 விழுக்காடு, பழங்குடியினர் 1.3 விழுக்காடு. விதி நிற்கும் இடத்தோடு பன்முகத்தன்மையும் நின்றுவிடுகிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உயர் நீதிமன்ற சேம்பர் | மாவட்ட நீதிமன்றம் | நிறுவனம் | நீதிபதிப் பணி |
|---|---|---|---|---|
| நுழைவு | அறிமுகம் | அறிமுகம், ஊர்த் தொடர்பு | வளாகத் தேர்வு, நேர்காணல் | பொதுத் தேர்வு, இடஒதுக்கீடு |
| முதல் 3 ஆண்டு வருமானம் | உறுதியில்லை, செலவு அதிகம் | உறுதியில்லை, செலவு குறைவு | உறுதி | சேர்ந்தபின் உறுதி. அதற்கு முன் 3 ஆண்டு |
| புகார் வழி | மெலிந்தது | மெலிந்தது, பெயர் மறையாது | உள்ளகக் குழு | பணிவிதிகள் |
| இடைவெளிக்குப் பின் திரும்புதல் | சீனியரைப் பொறுத்தது | சொந்தக் கட்சிக்காரர்களைப் பொறுத்தது | பணியாளர் எனில் உரிமை | உரிமை |
| மொழி | ஆங்கிலம் | தமிழ் | ஆங்கிலம் | தமிழும் ஆங்கிலமும் |
| மூடக்கூடிய கதவு | எதுவும் இல்லை | எதுவும் இல்லை | நீதிபதித் தேர்வுக்கான அனுபவம் | வழக்காடும் சுதந்திரம் |

## யாருக்கு எது

வீட்டிலிருந்து குறைந்தது இரண்டாண்டு ஆதரவும், அரசமைப்புச் சட்டத்தில் தணியாத ஆர்வமும் உள்ளவருக்கு உயர் நீதிமன்றம். ஆனால் சீனியரின் புகழைப் பார்க்காமல், அவரிடம் முன்பு இருந்த பெண் ஜூனியர்களும் முதல் தலைமுறையினரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துச் சேருங்கள். அவர்களுள் ஒருவரேனும் சொந்தமாக நின்று வழக்கு நடத்தினால் அது நல்ல சேம்பர்.

குடும்பக் கடன் உடனடியாக நெருக்குகிறது என்றாலோ, சிகிச்சையோ உடல் வசதியோ நிலையான காப்பீட்டைக் கேட்கிறது என்றாலோ, தயங்காமல் நிறுவனத்துக்குப் போங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. நீதிபதியாகும் எண்ணம் மனத்தில் இருந்தால் மட்டும், பதிவை நிறுத்திவைக்கும் நிபந்தனை உள்ள வேலையைத் தவிருங்கள்.

இறுதி இலக்கு நீதிபதிப் பணி என்று தெளிவாக இருப்பவருக்கு, அந்த மூன்றாண்டைக் கழிக்கச் சென்னையைவிடச் சொந்த மாவட்ட நீதிமன்றமே பெரும்பாலும் சிறந்தது என்பது என் முடிவு. செலவு குறைவு, தமிழில் வேலை, உரிமையியல் நடைமுறை நேரடியாகக் கைவரும். உள்ளூர்ச் சாதிச் சூழல் தாங்க முடியாததாக இருந்தால், பக்கத்து மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முப்பது கிலோமீட்டர் தூரம் சில நேரம் போதுமானது. குற்ற வழக்குகளில் நாட்டம் உள்ளவர்கள், தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் இயங்கும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பையும் பாருங்கள். உதவி வழக்கறிஞர் பதவிக்கு மூன்றாண்டு அனுபவம் வரை உள்ளவர்களே விண்ணப்பிக்கலாம். மாதத் தொகை உண்டு. ஒப்பந்தப் பணிதான், தனி வழக்குகள் எடுக்க முடியாது, ஆனால் விண்ணப்பம் அளித்துச் சேரும் இடம் அது.

எந்த நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் வாரத்திலிருந்தே ஒரு காரியத்தைச் செய்யுங்கள். மூன்றாண்டு அனுபவத்துக்கான சான்றிதழை, மாவட்ட நீதிமன்றமானால் அதன் முதன்மை நீதித்துறை அலுவலர் (அங்கே தலைமை வகிக்கும் நீதிபதி) தரலாம். அல்லது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து, அலுவலர் அதில் மேலொப்பமிடலாம். உயர் நீதிமன்றமானால் இந்த இரண்டாம் வழிதான், மேலொப்பமிடுபவர் அந்த நீதிமன்றம் நியமிக்கும் அலுவலர். சீனியரின் கையெழுத்தை மட்டுமே நம்பியிருக்கும் ஜூனியர், சம்பளம் கேட்கவும் அஞ்சுவார், தொல்லையைச் சொல்லவும் அஞ்சுவார். ஆகவே வக்காலத்துகளில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆஜரான நாள், வழக்கு எண், நீதிமன்றம் ஆகியவற்றை ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதிவையுங்கள். உங்கள் பெயர் பதிவான உத்தரவு நகல்களைத் தனிக் கோப்பில் சேருங்கள். அனுபவக் காலம், பார் தேர்வுக்கு முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதால், அந்தச் சான்றிதழையும் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். சீனியரோடு மனக்கசப்பு வந்து வெளியேற நேர்ந்தாலும், நீதிமன்ற அலுவலர் முன் எடுத்துவைக்க உங்கள் கையில் அந்தக் கோப்பு இருக்கும்.